பெயரும் பண்பும்: ஆராய்ச்சிக் கணிப்பில் ஆளறிதலும் அனுமதியும்

தமிழ் இலக்கண நூலார் பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என வகுத்தனர். மரம் என்பது இடுகுறி. அப்பொருளுக்கு அச்சொல் ஏன் வந்தது என வினவின் விடை பெறுதல் அரிது. பறவை என்பது காரணப்பெயர். பறத்தல் எதன்கண் உளதோ அதற்கெல்லாம் அப்பெயர் உரியது. முன்னொருபோதும் கண்டிராத புள் ஒன்று தூரதேயத்திலிருந்து வந்து முற்றத்து முருங்கையில் அமர்ந்தாலும் அதனைப் பறவை என்று கூற எவரும் தயங்குவதில்லை. இவ்வேற்றுமை இலக்கணத்துக்கு மாத்திரம் உரியதன்று. பல நாடுகளிற் பரந்து கிடக்கும் கணினிகளை ஒரே கருவிபோற் பயன்படுத்த முற்பட்ட விஞ்ஞானிகள், ‘வருபவர் யார்? அவர் எதைச் செய்யலாம்?’ என்னும் வினாக்களுக்கு முதலில் இடுகுறிப்பெயரைக் கொண்டே விடைகாண முயன்று இடர்ப்பட்டனர். பின்னரே காரணப்பெயரின் வழியை நாடினர்.

சுவிற்சர்லாந்து நாட்டில் ஜெனீவா நகரின் அருகே, 1954 இல் நிறுவப்பெற்ற சேர்ண் என்னும் அணுத்துகள் ஆராய்ச்சி நிலையம் உளது. நிலத்தின் கீழ் 27 கிலோமீற்றர் சுற்றளவுடைய வட்டப் பாதையில் அணுத்துகள்களை ஒன்றோடொன்று மோதவிட்டு ஆராயும் கருவி அங்குள்ளது. அக்கருவியிலிருந்து பெருகும் தரவுகளை ஒரு நிலையத்தின் கணினிகளாற் சேமித்துவைத்து ஆராய்ந்து முடித்தல் இயலாது. ஆதலின் 40க்கு மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 170 கணிப்பு நிலையங்கள் இப்பணியைப் பகிர்ந்து செய்கின்றன. இவ்வாறான அமைப்பைக் கிரிட் என வழங்குவர். மின்சார வலையமைப்பைக் குறித்த சொல்லே இங்கு உவமையாகி வந்தது. வீட்டில் விளக்கை ஏற்றுபவர் மின்சாரம் எந்த நீர்வீழ்ச்சியிலிருந்து வந்தது எனக் கேளாமைபோல, கணக்கைச் செய்விப்பவரும் அது எந்த நாட்டுக் கணினியில் நடந்தது எனக் கேளாதிருக்கலாம் என்பது கருத்து. 2012 யூலை 4 ஆந் திகதி ஹிக்ஸ் துகள் பற்றிய செய்தி அறிவிக்கப்பட்டபோது அதன் பின்னே இவ்வலையின் உழைப்பு இருந்தது.

உவமை ஓரிடத்திற் பொருந்தாது. மின்சாரத்தை யார் பயன்படுத்தினாலும் கட்டணம் செலுத்தினாற் போதும். கணினியோ அன்னியர் கையிற் சிக்கினாற் பிறரைத் தாக்கும் ஆயுதமாகவும் மாறும். பல்லாண்டு உழைப்பாற் சேர்த்த தரவும் ஒரு கட்டளையில் அழியும். ஆதலின் வாயிலில் நிற்போர் யாவரையும் விசாரித்தே உள்ளே விடல்வேண்டும். இவ்வலையைப் பயன்படுத்தும் பௌதிகவியலார் 12,000க்கு மேற்பட்டோர். ஒவ்வொரு நிலையமும் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கும் ஒரு கடவுச்சொல்லும் கொடுக்குமாயின் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட கணக்குகள் தோன்றும். ஒருவர் 170 கடவுச்சொற்களை நினைவில் வைத்திருத்தல் நடவாது. எல்லாவற்றுக்கும் ஒன்றையே வைப்பார், அல்லது கடதாசியில் எழுதி மேசையில் ஒட்டுவார்.

ஐக்கிய அமெரிக்காவில் இயன் பொஸ்ரர், கார்ல் கெசல்மன் முதலியோர் 1998 இல் இதற்கு ஒரு வழி வகுத்து வெளியிட்டனர். நம்பிக்கைக்குரிய அதிகார நிலையமொன்று ஆராய்ச்சியாளரை விசாரித்து, அவரது பெயரைத் தாங்கிய இலத்திரனியல் அத்தாட்சிப் பத்திரம் ஒன்றை வழங்கும். பத்திரத்தோடு இணைந்த மறைசாவி அவரிடம் மாத்திரம் இருக்கும். அவர் காலையில் ஒருமுறை அச்சாவியைப் பயன்படுத்தி, சில மணிநேரம் மாத்திரம் செல்லுபடியாகும் பதிற்பத்திரம் ஒன்றைத் தாமே ஆக்கிக்கொள்வார். அவர் அனுப்பும் கணிப்பு வேலைகள் அப்பதிற்பத்திரத்தை ஏந்தி நாடுவிட்டு நாடு செல்லும். ஆள் உறங்கும்போதும் அவர் பெயரால் வேலை நடத்தற்கு இதுவே வழி. பெரும்பாலும் 12 மணிநேரமே அதன் ஆயுளாகலின் வழியிற் களவு போனாலும் கேடு மட்டுப்படும். இம்முறை 2004 இல் இணையத் தரங்களுள் ஒன்றாகவும் பதிவாயிற்று.

ஆளறிதலாகிய முதல் வினா இதனால் ஒருவாறு தீர்ந்தது. இரண்டாவது வினாவோ பழைய நிலையிலேயே நின்றது. ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு பெயர்ப்பட்டியல் இருந்தது. பத்திரத்திற் கண்ட நீண்ட பெயர் ஒருபுறமும், அந்நிலையத்துக் கணக்கின் பெயர் மறுபுறமுமாக, ஆளுக்கு ஒரு வரியாக எழுதப்பட்ட பட்டியல் அது. பெயர் இருந்தால் உள்ளே; இல்லையேல் வெளியே. ஹம்பேர்க் நகரில் ஒரு மாணவி புதிதாக ஆராய்ச்சிக் குழுவிற் சேர்ந்தால், உலகின் மறுகோடியில் உள்ள நிலையங்களும் தத்தம் பட்டியலில் ஒரு வரி கூட்டல்வேண்டும். அவர் விலகினால் அவ்வரியை எல்லாரும் மறவாது அழித்தல் வேண்டும். சேர்ப்பதற்கு அவசரப்படுவோர் பலர்; நீக்குவதற்கு நினைப்பூட்டுவோர் இலர். மேலும், அவர் சாதாரண உறுப்பினரா, தரவு உற்பத்திக்குப் பொறுப்பாளரா என்பதை அவ்வரி சொல்லாது. இடுகுறிப்பெயரின் குறை இது.

இலங்கையில் உயர்தரப் பரீட்சை எழுதச் செல்லும் மாணவன் இரண்டு பத்திரங்களைக் கொண்டுசெல்கிறான். ஒன்று தேசிய அடையாள அட்டை; மற்றது பரீட்சை அனுமதி அட்டை. முன்னையது ஆட்பதிவுத் திணைக்களம் வழங்குவது. இவன் யார் என்பதை மாத்திரம் சொல்லும். பின்னையது பரீட்சைத் திணைக்களம் வழங்குவது. எப்பாடத்தை எங்கு எழுதலாம் என்பதைச் சொல்லும். மண்டப மேற்பார்வையாளர் மாணவனை முன்பின் அறியார். அவரிடம் நாட்டு மாணவர் அனைவரது வரலாறும் இல்லை. இரு வேறு திணைக்களங்களின் கூற்றுக்களையும் பொருத்திப் பார்த்து, தாம் முடிவு செய்கிறார். கிரிட் கணிப்புக்கு வேண்டியிருந்ததும் இவ்விரண்டாம் அட்டையே.

அவ்வட்டை ஐரோப்பாவிலே தோன்றிற்று. 2001 இல் தொடங்கிய ஐரோப்பியத் தரவுக் கிரிட் என்னும் திட்டத்தில், இத்தாலியின் தேசிய அணுப்பௌதிக நிறுவனத்தாரின் பெரும் பங்கோடு, வோம்ஸ் என்னும் உறுப்புரிமைச் சேவை உருவாயிற்று. பல நாட்டவர் ஒரு நோக்கத்துக்காக ஒன்றுகூடிய குழுவை மெய்ந்நிகர் நிறுவனம் என்பர். அதற்குக் கட்டடமில்லை, காணியில்லை. உறுப்பினர் பதிவேடு மாத்திரம் உண்டு. அப்பதிவேட்டைப் பேணும் வோம்ஸ் சேவை, ‘இவர் இக்குழுவினர், இப்பிரிவினர், இப்பொறுப்பை வகிப்பவர்’ என்று கையொப்பமிட்ட பண்புப் பத்திரமொன்றை ஆக்கி, ஆராய்ச்சியாளரின் பதிற்பத்திரத்துள்ளே வைத்துக் கொடுக்கும். கணிப்பு நிலையம் இனிப் பெயர்ப்பட்டியல் வைத்திருக்க வேண்டுவதில்லை. ‘அற்லஸ் குழுவில் உற்பத்திப் பொறுப்புடையோர் எழுதலாம், ஏனைய உறுப்பினர் வாசிக்கலாம்’ என்ற ஒரு விதி போதும். நேற்றுச் சேர்ந்தவருக்கும் அவ்விதி பொருந்தும். இதனையே பண்புவழி அனுமதி என்பர்.

ஆயினும் அத்தாட்சிப் பத்திரம் பௌதிகவியலாருக்கே தொல்லையாயிருந்தது. உயிரியலாருக்கும் மொழியியலாருக்கும் சொல்லவே வேண்டியதில்லை. அதிகாரியின் முன் கடவுச்சீட்டுடன் நேரிற் செல்லல்வேண்டும். மறைசாவியை ஒரு கணினியிலிருந்து மற்றதற்கு மாற்றல்வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். இத்தனைக்கும் அவரைப் பல்கலைக்கழகம் முன்னரே நன்கு அறியும். அவர் வேதனம் பெறுவதும், நூல் இரவல் வாங்குவதும், மின்னஞ்சல் வாசிப்பதும் அப்பல்கலைக்கழகத்தின் பதிவைக் கொண்டன்றோ? அப்பதிவையே உலகெங்கும் செல்லுபடியாக்கினால் என்ன என்ற எண்ணம் வேறொரு வட்டாரத்தில், பெரும்பாலும் நூலகங்களின் தேவையை ஒட்டி, வளர்ந்துகொண்டிருந்தது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பாகிய இன்ரர்நெற்-2 என்பது 2000 ஆம் ஆண்டில் இவ்வேலையைத் தொடங்கி, 2003 இல் ஷிபோலேத் என்னும் மென்பொருளின் முதற்பதிப்பை வெளியிட்டது. அப்பெயர் விவிலியத்தின் நியாயாதிபதிகள் ஆகமத்திலிருந்து எடுக்கப்பட்டது. போரில் தோற்ற எப்பிராயீம் குலத்தார் யோர்தான் நதித் துறையைக் கடக்க வந்தபோது, வென்ற கீலேயாத்தியர் அவர்களைப் பெயர் கேட்டிலர். ‘ஷிபோலேத்’ என்று சொல் என்றனர். ‘சிபோலேத்’ என்றவர் கொல்லப்பட்டனர். அவ்வாறு மடிந்தோர் 42,000 பேர் என்கிறது அவ்வாகமம். பண்பு கொண்டு ஆளறிதலின் மிகப் பழைய கதைகளுள் இஃதொன்று. இலங்கை வாசகர்க்கு இது வெறுங் கதையுமன்று. 1983 யூலையில் வாளிக்குரிய சிங்களச் சொல்லை உச்சரிக்கச் செய்து தமிழரை இனங்கண்டதைக் கண்டவர் சொல்லியுள்ளனர். இரக்கமற்ற ஒரு சோதனையின் பெயரை நூலக வாயிலுக்கு இட்டவர்கள் அதன் கொடுமையை எண்ணினரோ இல்லையோ, பெயரின்றிப் பண்பால் அறிதல் என்ற கருத்தை அப்பெயர் சரியாகவே குறிக்கிறது. வேறுபாடு யாதெனின், நதித்துறையில் நாவே ஒருவனைக் காட்டிக்கொடுத்தது. இங்கோ எப்பண்பை வெளியிடுவது என்பதில் அவனுக்கும் அவன் நிறுவனத்துக்கும் பங்குண்டு.

அது செயற்படும் விதம் வருமாறு. ஆராய்ச்சியாளர் ஒரு தரவு நிலையத்தின் வாயிலை அடைகிறார். வாயில் அவரிடம் கடவுச்சொல் கேளாது, ‘நீர் எவ்விடத்தவர்?’ என்று கேட்கும். அத்துறையினர் அப்பக்கத்துக்கு இட்ட பெயரே அவ்வினாதான். புதியவரைக் கண்டதும் ‘எவ்விடம்?’ என்று தொடங்கும் யாழ்ப்பாணத்து வழக்கம் கணினிக்கும் வந்துவிட்டதுபோலும். அவர் தம் பல்கலைக்கழகத்தைச் சுட்டியதும் அவர் அங்கே அனுப்பப்படுவார். கடவுச்சொல்லை அங்கு மாத்திரமே கொடுப்பார். தாய் நிறுவனம் அவரை அறிந்துகொண்டு, கையொப்பமிட்ட கூற்றொன்றுடன் அவரைத் திருப்பி அனுப்பும். அக்கூற்றின் இலக்கணத்தை வகுத்தது சாமல் என்னும் தரம். 2002 இல் வெளிவந்து 2005 இல் இரண்டாம் பதிப்பைப் பெற்றது. தரவு நிலையம் கடவுச்சொல்லை ஒருபோதும் காணாது. வேண்டின் பெயரையும் காணாது. ‘எங்கள் மாணவர் ஒருவர்’ என்ற செய்தியே நூலகத்துக்குப் போதுமானது. அவர் மீண்டும் வரும்போது பழைய ஆள்தான் எனத் தெரிதற்கு, அந்நிலையத்துக்கென மாத்திரம் ஆக்கிய குறியொன்றை அனுப்பலாம். இரு நிலையங்கள் கூடிப் பேசினாலும் அக்குறிகளைக் கொண்டு ஒருவரை இனங்காணல் இயலாது.

ஒரு நாட்டவர் ‘ஆசிரியர்’ என்பதும் மற்றொரு நாட்டவர் ‘ஆசிரியர்’ என்பதும் ஒன்றாதல் வேண்டுமன்றோ? அதற்காக எடுபேர்சன் என்னும் பொது அகராதி அமைந்தது. அதன்படி ஒருவர் நிறுவனத்தோடு கொண்ட உறவு எட்டுச் சொற்களுள் அடங்கும்: கற்பிப்போர், மாணவர், அலுவலர், ஊழியர், உறுப்பினர், இணைந்தோர், பழைய மாணவர், நூலகத்துக்கு நேரில் வருவோர். இறுதியிற் கூறியவர் எவ்வுறவும் இல்லாது கதவைத் திறந்து உள்ளே வந்தவர். அவருக்கும் ஓரிடம் ஒதுக்கியது பாராட்டத்தக்கது.

நிறுவனங்கள் ஒன்றையொன்று நம்புதற்கு ஒப்பந்தம் வேண்டும். நாடுதோறும் பல்கலைக்கழகங்கள் ஒன்றுசேர்ந்து பொது விதிகளை ஏற்ற கூட்டமைப்புக்களை அமைத்தன. 2011 இல் ஐரோப்பாவின் முயற்சியால் எடுகெயின் என்னும் பேரமைப்பு தோன்றி அக்கூட்டமைப்புக்களை இணைத்தது. 70க்கு மேற்பட்டவை இன்று அதனுள் உள. இம்முறையைச் சமஷ்டி அடையாளம் என்று கூறின் மிகையன்று. ஒவ்வோர் உறுப்பும் தன் மக்களைத் தானே ஆள்கிறது, வெளியாருக்குத் தன் வாக்கை மாத்திரம் அனுப்புகிறது. அரசியலில் நெடுங்காலம் வாதிக்கப்பட்ட அச்சொல் கணினி உலகில் ஓசையின்றி நடைமுறைக்கு வந்தமை வியப்பே.

இவ்விரு மரபுகளையும் மணமுடித்து வைத்தல் எளிதாயிருக்கவில்லை. ஷிபோலேத் முறை, ஆள் உலாவியின் முன்னே அமர்ந்திருப்பதை எதிர்பார்ப்பது. கிரிட் வேலையோ ஆள் இல்லாதபோதும் நடப்பது. இலினோய் பல்கலைக்கழகத்து மீக்கணிப்பு நிலையத்தாரின் சீலோகன் என்னும் சேவை 2010 முதல் இவ்விடைவெளியை நிரப்பிற்று. தாய் நிறுவனத்தின் வாயிலாக உள்நுழைந்தவருக்கு, கிரிட் உலகம் ஏற்கும் அத்தாட்சிப் பத்திரத்தை அது உடனே ஆக்கிக் கொடுத்தது.

அடுத்து எழும் வினாவே இப்பொருளின் நடுநாயகமானது: எப்பண்புக்கு யார் சாட்சி? ஈர்ப்பலைகளை ஆராயும் லைகோ குழுவை எடுத்துக்கொள்க. 2015 செப்டெம்பர் 14 இல் முதல் ஈர்ப்பலை அதன் கருவிகளிற் பதிவாயிற்று. உலகுக்கு அறிவிக்கப்பட்டதோ 2016 பெப்ரவரி 11 இல். இடைப்பட்ட ஐந்து மாதங்களும் அத்தரவு குழுவினர்க்கே உரியது. ஆராய்ச்சிக் கட்டுரையிற் பெயரிட்டோர் 1,000க்கு மேற்பட்டோர், பல நாட்டுப் பல்கலைக்கழகங்களிற் பணிபுரிவோர். ஒருவர் பேராசிரியர் என்பதை அவரது பல்கலைக்கழகம் அறியும். அவர் லைகோ குழுவின் உறுப்பினர் என்பதை அது அறியாது, அறிவித்தற்கு உரிமையுமில்லை. அதைச் சொல்லவேண்டியது குழுவின் பதிவேடே. ஆகவே ஒரே மனிதனின் இரு பண்புகள் இரு வாய்களிலிருந்து வருகின்றன. தரவை உடையவர் இரண்டையும் கேட்டுத் தீர்ப்பளித்தல் வேண்டும். 2015 இல் ஐரோப்பாவில் தொடங்கிய ஆர்க் என்னும் திட்டம், ஆராய்ச்சிக் குழுவே நடுவில் நின்று பல்கலைக்கழகத்தின் கூற்றை வாங்கித் தன் கூற்றையும் சேர்த்து அனுப்பும் அமைப்பைப் பொதுமாதிரியாக வகுத்தது. பல்கலைக்கழகம் எல்லாவற்றுக்கும் சாட்சியாதல் வேண்டும் என்று முற்காலத்தில் எதிர்பார்த்ததே தவறு எனலாம்.

தீர்ப்பளிக்கும் முறையிலும் ஒரு பிரிவினை உண்டு. வாயிற்காவலன் வேறு, நீதிபதி வேறு. காவலன் வந்தவரை நிறுத்தி அவரது பண்புகளை நீதிபதிக்கு அனுப்புவான். நீதிபதி விதியேட்டைப் பார்த்து ஆம், அன்று எனக் கூறுவான். காவலன் அதனை நிறைவேற்றுவான். 2003 இல் வெளிவந்த சக்மல் என்னும் விதிமொழி இவ்வாறான விதிகளை எழுதுதற்கென்றே ஆக்கப்பட்டது. இரு விதிகள் முரணினால் மறுப்பே மேலோங்குமா, அனுமதியே மேலோங்குமா என்பதையும் முற்கூட்டியே அதில் எழுதிவைக்கலாம். விதிகளைக் காவலன் தலையில் ஏற்றாது தனியே வைத்தமையால், விதி மாறும்போது வாயிலை இடித்துக் கட்டவேண்டிய அவசியம் இல்லாதொழிந்தது.

ஏட்டில் இவ்வளவு செம்மையான முறை நடைமுறையில் தடுமாறியது எதிர்பாராத ஓரிடத்தில். பல்கலைக்கழகங்கள் பண்புகளை வெளியிட மறுத்தன. தனிமனித விபரங்களைக் காக்கும் சட்டங்களுக்கு அஞ்சிய அலுவலர், எதையும் அனுப்பாதிருத்தலே பாதுகாப்பு எனக் கருதினர். விளைவாக, உரிமையுள்ள ஆராய்ச்சியாளர் தம் பல்கலைக்கழகத்திற் சரியாக ஆளறியப்பட்டும், பெயரோ மின்னஞ்சலோ இன்றி வெற்றுக் கையுடன் தரவு நிலையத்தை அடைந்து, அங்கே திருப்பி அனுப்பப்பட்டார். அவர் செய்த தவறு யாதுமில்லை. யாரிடம் முறையிடுவது என்பதும் அவருக்குத் தெரியாது. இதனைத் தீர்க்க, உண்மையாகவே ஆராய்ச்சிக்கெனச் செயற்படும் சேவைகளுக்கு ஒரு பொது முத்திரை வகுத்தனர். அம்முத்திரை பெற்ற சேவைக்குப் பெயர், மின்னஞ்சல், நிலையான ஒரு குறி ஆகிய சிலவற்றை மாத்திரம் அனுப்புதல் என்பது உடன்பாடு. உடன்பாட்டை ஏற்ற நிறுவனங்கள் பல, ஏலாதனவும் உள. மறுப்பதால் வரும் நட்டம் மறுத்த அலுவலரைச் சேராது, மாணவரைச் சேர்கிறது என்பதனாற்போலும் இக்குறை மெல்லவே நீங்குகிறது.

மற்றைய அச்சம் பழமையாகிப்போன பண்பு. ஒருவர் பதவி விலகிய பின்னரும் பதிவேட்டில் ‘அலுவலர்’ என்றிருப்பின், அப்பொய்யை உலகின் எல்லா வாயில்களும் மெய்யென ஏற்கும். முன்னர் ஒரு பட்டியலிற் செய்த பிழை ஒரு நிலையத்தை மாத்திரம் தாக்கியது. இப்போது ஒரு பதிவாளர் பிரிவின் பிழை கடல்கடந்து செல்லும். களவும் அவ்வாறே. 2020 மே மாதத்தில் பிரித்தானியா, ஜேர்மனி, சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளின் மீக்கணினி நிலையங்கள் பல ஊடுருவப்பட்டு, பயனர்களுக்கு மூடப்பட்டன. எடின்பரோவில் இருந்த ஆர்ச்சர் அவற்றுள் ஒன்று. களவாடப்பட்ட பயனர் சான்றுகளைக் கொண்டே ஒரு நிலையத்திலிருந்து மற்றதற்குத் தாவினர். அந்நுழைவு கூட்டமைப்பு முறையின் வாயிலாக நடந்ததன்று. எனினும் ஓரிடத்துத் திறவுகோல் பல இடங்களைத் திறக்கும்போது எச்சரிக்கைச் செய்தியும் அதே வேகத்திற் பரவவேண்டும் என்பதை உணர்த்திற்று. ஆதலின், ஊடுருவல் நேரின் யாரை அழைப்பது, எப்பதிவுகளைப் பேணுவது என்பவற்றை முற்கூட்டி ஏற்றுக்கொள்ளும் சேர்ட்பி என்னும் உடன்படிக்கையைப் பல சேவைகள் இன்று நிபந்தனையாகக் கேட்கின்றன.

கருவிகளும் மாறிவருகின்றன. குளோபஸ் மென்பொருளின் பழைய கிரிட் தொகுதிக்கான ஆதரவு 2018 இல் நிறுத்தப்பட்டது. சேர்ண் கிரிட் 2019 இல் வகுத்த விதிகளின்படி பத்திரங்களிலிருந்து சிறு அனுமதிச் சீட்டுக்களுக்குப் பெயர்ந்து வருகிறது. அச்சீட்டு, ‘இவர் இன்ன குழுவினர்’ என்பதை மாத்திரமன்றி, ‘இவ்விடத்துத் தரவை வாசிக்கலாம்’ என அனுமதியையே நேராகவும் கூறவல்லது. பண்பைக் கேட்டு முடிவுசெய்யும் சுதந்திரம் நிலையத்திடமிருந்து சீட்டை வழங்குபவரிடம் சற்றே நகர்கிறது என்பதை நோக்கல் வேண்டும்.

இலங்கையில் லேர்ண் என்னும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு பல்கலைக்கழகங்களை இணைக்கிறது. அதன் அடையாளக் கூட்டமைப்பு எடுகெயினில் உறுப்புரிமை பெற்றுளது. ஆகவே கூட்டமைப்பிற் சேர்ந்த இலங்கைப் பல்கலைக்கழகமொன்றின் மாணவர் தம் உள்ளூர்க் கடவுச்சொல்லைக் கொண்டே பிற கண்டத்துச் சேவையொன்றை அணுக வாய்ப்புண்டு. வாய்ப்பு மெய்யாவதற்கு அப்பல்கலைக்கழகம் தன் பதிவேட்டைச் செம்மையாகப் பேணுவதும், வேண்டிய பண்புகளை வெளியிட இசைவதும் வேண்டும்.

எந்நிறுவனத்தையும் சாராதவர் நிலை வேறு. பாடசாலையிற் கற்பித்துக்கொண்டே ஆராய்பவர், ஓய்வுபெற்றவர், ஒரு பதவி முடிந்து மற்றதை எதிர்நோக்கி இருப்பவர் ஆகியோருக்கு ‘எவ்விடத்தவர்?’ என்ற வினாவுக்கு விடையில்லை. 2012 இல் தொடங்கிய ஓர்க்கிட் என்னும் ஆய்வாளர் எண்ணை இவர்கள் இலவசமாகப் பெறலாம். சில சேவைகள் அதனை வாயிலில் ஏற்கவும் செய்கின்றன. ஆயின் அதிற் கண்ட பெயர் பெரும்பாலும் ஆளே தம்மைப்பற்றிக் கூறியது; பிறிதொரு சாட்சி அதற்கில்லை. ஆகையால் உறுதி வேண்டும் நிலையங்கள் அதனை மாத்திரம் கொண்டு எவரையும் உள்ளே விடுவதில்லை; குழுவொன்றின் பதிவேட்டில் யாரேனும் அவரை அறிந்து சேர்க்கும்வரை அவர் வெளியிலேயே நிற்பார்.